முள் குத்தியது காலில், நெறி கட்டியது தொடையில்

கருவேல முள் குத்துவது பாதத்தில்தான். பிடுங்கிப் போட்டுவிட்டு நாமும் மறந்துவிடுகிறோம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடை இடுக்கில் சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று தட்டுப்படும், தொட்டால் வலிக்கும், நடக்கும்போது இழுக்கும், சிலருக்கு லேசாகக் காய்ச்சலும் அடிக்கும். "நெறி கட்டியிருக்கு" என்பார்கள் வீட்டில் பெரியவர்கள். அத்தோடு விடமாட்டார்கள், "கால்ல எங்கயாவது புண்ணு இருக்கா பாரு" என்று பாதத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். உடற்கூறியல் ஒரு பக்கம்கூடப் படிக்காத என் பாட்டி இதைச் சரியாகச் செய்வார். அக்குளில் நெறி என்றால் கையைப் பார்ப்பார், பின்கழுத்தில் என்றால் தலையைப் பிரித்துப் பேன் கடித்துச் சொறிந்த புண் இருக்கிறதா என்று தேடுவார். எந்த இடத்து நீர் எந்தக் கணுவுக்கு (நெறியாக வீங்குவது அந்தக் கணுதான்) போகிறது என்ற வரைபடம் அவருக்கு மனப்பாடமாக இருந்திருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம், போனைத் திறந்தாலே வந்து விழும் "நிணநீர் சுத்திகரிப்பு" விளம்பரங்கள். முகத்தைக் கல்லால் தேய்த்தால் நிணநீரிலுள்ள நச்சு இறங்கிவிடுமாம், கூடவே அந்தப் பொடியைக் கலக்கிக் குடித்தால் எதிர்ப்பு சக்தி ஏறிவிடுமாம். ஒரே விளம்பரத்தில் இரண்டு புளுகு. நிணநீர் என்பது ஏதோ கழிவு, எதிர்ப்பு சக்தி என்பது வேண்டியபோது கூட்டிக்கொள்கிற ஓர் அளவு என்று நாமும் தனித்தனியாகவே நினைத்துப் பழகிவிட்டோம். இரண்டும் ஒரே குழாயில் நடக்கிற வேலை. ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்த நீரை (அதுதான் நிணநீர்) திருப்பிக் கொண்டுபோகும் வழியிலேயே உடம்பு தன் காவலையும் வைத்திருக்கிறது. நீர் ஓடாத இடத்தில் காவலும் படுத்துவிடும். இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நீர்க் கணக்கு. பெரியவர் ஒருவர் உடம்பில் ரத்தம் சுமார் 5 லிட்டர், அதில் செல்களைக் கழித்தால் பிளாஸ்மா 3 லிட்டர் போல. இந்தப் பிளாஸ்மா தந்துகிகள் என்ற மிக மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவர் வழியாக எந்நேரமும் வெளியே கசிந்துகொண்டிருக்கிறது. அது பழுதல்ல, அந்தச் சுவரின் அமைப்பே அப்படி. 1896இல் இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்: ரத்த அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது, ரத்தத்திலுள்ள புரதம் அதை உள்ளே இழுக்கிறது. இதை வைத்துப் பாடப்புத்தகங்களில் ரொம்ப காலம் ஒரு படம் இருந்தது. தந்துகியின் ஒரு முனையில் நீர் வெளியேறும், மறுமுனையில் பெரும்பகுதி திரும்பிவிடும், மிச்சம் ஒரு 3 லிட்டர் மட்டும் நிணநீராக ஓடும். நானும் பள்ளியில் அதைத்தான் வரைந்து மார்க் வாங்கினேன். அந்தப் படம் இப்போது மாறிவிட்டது. பெரும்பாலான திசுக்களில் அந்த மறுமுனைத் திரும்புதல் நிலையாக நடப்பதில்லை, கசிந்தது ஏறக்குறைய முழுவதும் நிணநீர் வழியாகத்தான் திரும்புகிறது என்பது இன்றைய கணக்கு. அப்படியானால் ஒரு நாளைக்குச் சுமார் 8 லிட்டர். வழியிலுள்ள கணுக்களிலேயே அதில் பாதி தண்ணீர் ரத்தத்துக்குள் உறிஞ்சப்பட்டுவிடுவதால், கடைசியில் கழுத்துக்கு வந்து சேர்வதை மட்டும் அளந்தவர்களுக்குக் குறைவாகத் தெரிந்திருக்கிறது.

தண்ணீரைவிடப் புரதம் முக்கியம். வெளியே கசிந்த புரதம் தந்துகிக்குள் திரும்ப ஏற முடியாது, நிணநீர் ஒன்றுதான் அதற்கு வழி. இந்த வழி அடைபட்டால் ஒரு நாளுக்குமேல் நம்மால் தாக்குப்பிடிக்க முடியாது என்று உடலியங்கியல் புத்தகங்கள் எழுதுகின்றன. எதிர்ப்பு சக்தி, காய்ச்சல், தொற்று என்று எதுவுமே இல்லாத ஒரு நாளில்கூட நிலைமை இதுதான்.

இந்தக் குழாய்களுக்கு இதயம் கிடையாது. திசுவுக்குள் ஒருபக்கம் மூடிய நுனியாகத் தொடங்குகின்றன. நுனியின் சுவர்ச் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஓரம் படிய அடுக்கியிருக்கும், வெளியிலிருந்து தள்ளினால் திறக்கும், உள்ளேயிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும். திசு வீங்கினால் குழாய் நசுங்கிவிட வேண்டும் அல்லவா, அப்படி ஆவதில்லை. நுண்ணிய இழைகள் சுவரைச் சுற்றியுள்ள திசுவோடு கட்டிவைத்திருப்பதால், வீங்க வீங்க இழை இழுபட்டு வாய் இன்னும் அகலமாகத் திறக்கும். அதற்குமேல் போகப் போக வால்வு வைத்த பெரிய குழாய்கள், அவற்றின் சுவரில் தானாகவே நிமிடத்துக்குச் சில முறை சுருங்கும் தசை. மீதி வேலையைக் கெண்டைக்கால் தசையும் மூச்சும் பார்த்துக்கொள்கின்றன. இரவு முழுக்க பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வந்தால் காலையில் செருப்பு இறுகுவது இதனால்தான்.

பாம்புக்கடிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு, ஆனால் இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. கண்ணாடி விரியன் போன்றவற்றின் விஷத்தில் பெரிய மூலக்கூறுகள் அதிகம். அவை கடித்த இடத்திலிருந்து பெரும்பாலும் நிணநீர் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. அந்த வழியில் நீரைத் தள்ளுவது தசை. கடிபட்டவர் பயத்தில் ஓடினால் அவரே தன் காலால் விஷத்தை ஏற்றிவிடுகிறார். கையையோ காலையோ மரச்சட்டமோ குச்சியோ வைத்துக் கட்டி, அசைக்காமல், தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வது அதனால்தான். இறுக்கிக் கயிறு கட்டுவது வேறு விஷயம், அது ரத்த ஓட்டத்தையும் நிறுத்திக் காலையே பறித்துவிடும். விரியன் கடித்த காலுக்குமேல் தொடை இடுக்கில் நெறி வலிக்கிறதா என்று மருத்துவர்கள் அழுத்திப் பார்ப்பதுண்டு. வலித்தால் விஷம் ஏறத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது முதல் அடையாளங்களில் ஒன்று.

காலிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வருகிற நிணநீர் எல்லாம் முதுகெலும்புக்கு முன்னால் ஒரே பெரிய குழாயில் ஏறி, இடது கழுத்தடியில் ஒரு சிரையில் கலக்கிறது. வலது கை, வலது மார்பு, வலதுபக்கத் தலை மட்டும் தனிக்கட்சி, அவை வலதுபக்கமாக இறங்கும். உடம்பின் முக்கால் பாகம் ஏன் இடதுபக்கம் போகிறது என்று கேட்காதீர்கள், கரு வளர்ச்சி அப்படி அமைந்துவிட்டது.

இந்தக் குழாய்களை மனிதன் கண்டுகொண்டதே ஒரு சாப்பாட்டால்தான். 1622 ஜூலையில் மிலானில் காஸ்பரே அசெல்லி என்ற மருத்துவர் நண்பர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு நாயை உயிரோடு அறுத்திருக்கிறார். அந்தக் காலத்துக் கொடுமை, வேறென்ன சொல்ல. நாய் சற்றுமுன் நன்றாகத் தின்றிருந்தது. குடல் மடிப்பு முழுக்க வெள்ளை வெள்ளையாக நூல்கள் ஓடின. நரம்பு என்று நினைத்து ஒன்றை வெட்டினார், பால் போலக் கொட்டியது. பட்டினி கிடந்த விலங்கில் அந்தக் குழாய்கள் நிறமில்லாமல் கண்ணுக்கே தெரியாது. கொழுப்பு சேர்ந்த உணவைத் தின்ற பிறகுதான் வெள்ளையாகும், ஏனென்றால் நாம் தின்கிற நெய்யும் எண்ணெயும் பெரும்பகுதி நேராக ரத்தத்துக்குள் போவதில்லை, நிணநீருக்குள் போகின்றன. நெய் மிதக்கும் வெண்பொங்கல் சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் உங்கள் மார்புக்குள் ஓடும் அந்தப் பெரிய குழாயும் பால் நிறத்தில்தான் இருக்கும். அசெல்லி அவையெல்லாம் கல்லீரலுக்குப் போவதாக நினைத்தார். 1651இல் பிரான்சின் ழான் பெக்கே தன் கண்டுபிடிப்பை வெளியிட்டபோதுதான் அவை கழுத்துக்கு ஏறுகின்றன என்று தெரிந்தது.

சரி, முள்ளுக்கு வருவோம்.

முள்ளோடு பாக்டீரியாவும் உள்ளே போய்விட்டது. முதலில் எழுந்திருப்பது அங்கேயே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்கள், விழுங்கி ஜீரணிக்கிற செல்கள். விழுங்கும் செல் என்ற யோசனையே ஒரு முள்ளிலிருந்து வந்ததுதான். 1882 டிசம்பரில் இத்தாலியின் மெஸ்ஸினாவில் ருஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகாஃப், வீட்டார் எல்லோரும் குரங்கு வித்தை பார்க்க சர்க்கஸுக்குப் போயிருந்த நேரத்தில், கண்ணாடி போல உள்ளே தெரிகிற நட்சத்திர மீன் லார்வா ஒன்றுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் விடியற்காலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அலைந்து திரியும் செல்கள் முள்ளைச் சுற்றிக் கூடி நின்றன. 1908இல் நோபல் பரிசு, பால் எர்லிக்கோடு பகிர்ந்து.

மேக்ரோஃபேஜ் எழுப்பும் ரசாயனச் செய்தியில் அருகிலுள்ள தந்துகிகள் விரிகின்றன, கசிவு கூடுகிறது, இடம் சிவந்து சூடாகி வீங்குகிறது, சில மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் வந்து இறங்குகின்றன. நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்கி அனுப்புகிறது. அவை வந்து, கொன்று, தாங்களும் சாகும். சீழ் என்று நாம் பிதுக்கித் துடைப்பதில் பெரும்பகுதி அவைதான். முக்கால்வாசி முள் குத்தல்கள் இத்தோடு முடிந்துவிடும், தொடை இடுக்குவரை செய்தியே பெரிதாகப் போகாது.

முடியாதபோதுதான் நிணநீரின் இரண்டாவது வேலை தெரியவரும். கசிவு கூடியதால் நிணநீரும் கூடுகிறது. அதில் பாக்டீரியாத் துணுக்குகள் மிதந்து போகின்றன. கூடவே டென்ட்ரைட் செல் என்று ஒன்று போகிறது, தோலடியில் கிளை கிளையாகக் கைநீட்டி உட்கார்ந்திருக்கும் செல். கிடைத்ததை விழுங்கி, அதன் புரதத்தைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் தன் மேல்தோலில் ஏந்திக்கொண்டு, இடத்தைக் காலி செய்து, நிணநீர்க் குழாய்க்குள் நுழைந்து அடுத்த கணுவுக்கு நடையைக் கட்டும். பாதத்திலிருந்து கிளம்பினால் முழங்கால் பின்புறத்திலோ தொடை இடுக்கிலோ ஒரு கணு.

ஏன் இவ்வளவு சுற்று? பாதத்திலேயே சண்டையை முடித்தால் என்ன? கணக்கு இடிக்கிறது. குறிப்பிட்ட ஒரு புரதத் துண்டை அடையாளம் காணத் தெரிந்த டி செல் (அதுவும் ஒரு வகை வெள்ளணு), புதிதாக இருக்கும் டி செல்களில் லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான். அந்த ஒரு செல் உங்கள் பாதத்தில் முள் குத்திய அந்த இடத்தில் அந்த நேரத்தில் இருக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது? அதனால் உடம்பு சந்திக்கும் இடங்களை நிலையாக வைத்துவிட்டது, மொத்தம் 500 முதல் 800 வரை. டி செல்கள் ரத்தத்திலிருந்து கணுவுக்குள் இறங்கி, அரை நாளோ ஒரு நாளோ சுற்றிப் பார்த்துவிட்டு, நிணநீர் வழியாக வெளியேறி, மறுபடி ரத்தம், மறுபடி வேறொரு கணு என்று அலைந்துகொண்டே இருக்கும். டென்ட்ரைட் செல் கையில் ஜாதகக் கட்டோடு உட்கார்ந்திருக்கும் கல்யாணத் தரகர் மாதிரி, வருகிற ஒவ்வொரு டி செல்லிடமும் பொருந்துகிறதா, பொருந்துகிறதா என்று காட்டிக்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கில் ஒதுக்கித் தள்ளிய பிறகு ஒன்று பொருந்தும்.

லிம்ஃபோசைட்கள் (டி செல், பி செல் வகை வெள்ளணுக்களின் பொதுப்பெயர்) இப்படிச் சுற்றுகின்றன என்பதே 1950களின் கடைசியில்தான் உறுதியானது. ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் எலிகளின் மார்புக் குழாயிலிருந்து நிணநீரை வடித்துக்கொண்டே இருந்தார், லிம்ஃபோசைட் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. எடுத்ததை ரத்தத்தில் திருப்பி ஏற்றினார், அவை மறுபடி நிணநீரில் வந்து நின்றன. அதுவரை அவை எங்கோ பிறந்து ஓரிரு நாளில் சாகிற, உபயோகம் தெரியாத செல்கள் என்றே பலர் நினைத்திருந்தார்கள். டென்ட்ரைட் செல்லின் கதை இன்னும் பிந்தியது, 1973இல் நியூயார்க்கில் ரால்ஃப் ஸ்டைன்மன் அதை விவரித்தபோது ரொம்ப வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2011இல் அவருக்கு நோபல் அறிவித்தார்கள். மூன்று நாள் முன்பே அவர் கணையப் புற்றுநோயில் இறந்துவிட்டது குழுவுக்குத் தெரியாது. இறந்தவருக்குக் கொடுப்பதில்லை என்பது விதி, ஆனால் தெரியாமல் எடுத்த முடிவு என்பதால் பரிசு நின்றது.

பொருந்திய பிறகு நடப்பதுதான் நம் கைக்குத் தட்டுப்படுகிற நெறி. கணு முதலில் வெளியேறும் கதவைச் சாத்துகிறது: உள்ளே வந்த லிம்ஃபோசைட்கள் சில நாளைக்கு வெளியே போவதில்லை, ஆனால் ரத்தத்திலிருந்து வருவது கூடுகிறது. பொருந்திய டி செல் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை பிரிந்து சில நாளில் ஆயிரக்கணக்கில் பெருகுகிறது. பக்கத்து அறையில், கிருமியில் போய் ஒட்டும் ஆன்டிபாடி என்ற புரதத்தைத் தயாரிக்கும் பி செல்கள் பெருகும்போதே தங்கள் மரபணுவில் ஒரு சிறு பகுதியை வேண்டுமென்றே மாற்றி மாற்றி எழுதுகின்றன. எதன் ஆன்டிபாடி இன்னும் இறுக்கமாக ஒட்டுகிறதோ அது பிழைக்கும், மற்றவை சாகும். பரிணாம வளர்ச்சியே ஒரு சுண்டைக்காய்க்குள் ஒன்றிரண்டு வாரத்தில் நடந்து முடிகிறது. எனக்கு இந்த முழுப் பாடத்திலும் நம்ப முடியாத இடம் இதுதான். இத்தனை கூட்டத்தால் கணுவின் உறை இழுபடுவதால்தான் வலி.

அந்தக் கதவைச் சாத்தும் வித்தையை வைத்தே ஒரு மருந்தும் வந்துவிட்டது. ஃபிங்கோலிமோட் மாத்திரை லிம்ஃபோசைட்களைக் கணுவுக்குள்ளேயே பூட்டி வைக்கும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் அவை வெளியே வந்து மூளையைத் தாக்காமலிருக்க அமெரிக்காவில் 2010இல் அனுமதித்தார்கள்.

ஆக, நெறி கட்டுவது நோய் மேலே ஏறிவிட்டது என்பதற்கான அடையாளம் அல்ல, பெரும்பாலும் வேலை நடக்கிறது என்பதற்கான அடையாளம். விதிவிலக்கு உண்டு, புண்ணிலிருந்து காலில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினால் பாக்டீரியா குழாய்க்குள்ளேயே புகுந்துவிட்டது என்று பொருள், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

தடுப்பூசியிலும் இதே வழிதான். நம் ஊரில் காசநோய்க்கான பிசிஜி ஊசியை இடது மேற்கையில் போடுகிறார்கள், சில குழந்தைகளுக்கு இடது அக்குளில் நெறி கட்டும், பெற்றோர் பதறுவார்கள். கோவிட் தடுப்பூசி வந்த 2021இல் ஊசி போட்ட பக்கத்து அக்குள் கணு வீங்கி, மார்பக ஸ்கேனில் அது புற்றுநோயோ என்று குழப்பியதால், ஊசி போட்ட தேதியைக் கேட்டுவிட்டுப் படம் எடுக்கும் வழக்கமே பல நாடுகளில் வந்தது.

புற்றுநோய்ச் செல்லும் இதே பாதையில்தான் நடக்கிறது. மார்பகக் கட்டிக்கு அருகில் நீலச் சாயத்தை ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் அக்குள் கணுவை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். அது சுத்தமாக இருந்தால் மற்ற கணுக்களைத் தொட வேண்டியதில்லை. முன்பெல்லாம் அக்குளை மொத்தமாக வழித்தெடுத்துவிடுவார்கள், நோய் போகும், ஆனால் சிலருக்கு வாழ்நாள் முழுக்கக் கை வீங்கியிருக்கும். எங்கள் சொந்தத்தில் ஒரு சித்தி அந்தக் கையில் வளையல் போட முடியாமல் போனவர். பூ தொடுக்கும்போது ஊசி குத்தினால்கூட அந்தக் கை சிவந்து காய்ச்சல் வந்துவிடும், மற்றக் கையில் குத்தினால் ஒன்றும் ஆகாது. ஒரே மனுஷி, ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு. நிணநீர் ஓடாத கையில் மட்டும் எதிர்ப்பு சக்தி இல்லை.

இதையே பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் யானைக்கால் நோய். கும்பகோணத்தில் எங்கள் அப்பா வழி வீட்டுத் தெருவில் நான் சிறுவனாக இருந்தபோது அப்படிக் கால் உள்ளவர்களைப் பார்க்காமல் கடைத்தெருவரை போக முடியாது. ராத்திரி கதவைத் தட்டி, சுகாதாரத் துறை ஆட்கள் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போவார்கள். பகலில் வராமல் தூங்குகிற நேரத்தில் வருகிறார்களே என்று எல்லாரும் திட்டுவார்கள். காரணம் யானைக்காலை உண்டாக்கும் உச்சரேரியா பாங்கிராஃப்டி என்ற புழுவின் குஞ்சுகள். இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரைதான் அவை தோலுக்கு அருகிலுள்ள ரத்தத்தில் நிறைய இருக்கும், பகலில் நுரையீரலின் ரத்தக் குழாய்களுக்குள் போய்விடும். சாக்கடையில் முட்டையிடுகிற கியூலெக்ஸ் கொசு இரவில் கடிப்பது, அதற்கேற்ற நேரக்கணக்கு. கொசுவுக்குள் இந்தப் புழு வளர்வதை 1877இல் சீனாவின் அமோயில் பேட்ரிக் மேன்சன் கண்டார். கொசுவுக்கும் மனித நோய்க்கும் தொடர்பு காட்டிய முதல் ஆய்வு அதுதான், மலேரியாவுக்கு ரொனால்ட் ராஸ் செய்ததற்கு இருபது வருடம் முன்பு.

தாய்ப்புழு நூல் போல, எட்டுப் பத்து சென்டிமீட்டர் நீளம். அது குடியிருப்பது நிணநீர்க் குழாய்க்குள்ளேயே, கணுக்களுக்குப் பக்கத்திலேயே. அதாவது உடம்பு அந்நியர்களைப் பிடிக்க வைத்திருக்கும் அதே பாதையில் ஐந்து ஆறு வருடம் கவலையில்லாமல் வாழ்ந்து லட்சக்கணக்கில் குஞ்சு பொரிக்கிறது. எதிர்ப்பை அடக்கும் சைகைகளை அது தானே தூண்டிவிடுவதால் பலருக்கு வருடக்கணக்கில் ஒரு அறிகுறியும் தெரியாது. ஆனால் உள்ளே குழாய் விரிந்து, வால்வு பொருந்தாமல் போய், நீர் தேங்க ஆரம்பித்திருக்கும். சிலருக்குக் குடலிலிருந்து வரும் கொழுப்பு நிணநீர் சிறுநீர்ப் பாதையில் கசிந்து சிறுநீர் பால் போலப் போகும், அசெல்லி நாயில் பார்த்த அதே வெள்ளை.

கால் யானைக்காலாவது புழுவால் மட்டும் அல்ல. இதை நான் படித்தபோது கோபம்கூட வந்தது, ஏனென்றால் எங்கள் தெருவில் யாருக்கும் யாரும் இதைச் சொல்லவில்லை. நீர் தேங்கிய காலில் விரலிடுக்குச் சேற்றுப்புண், பித்தவெடிப்பு, சின்ன கீறல் வழியாகச் சாதாரண பாக்டீரியா நுழைகிறது. நல்ல காலில் அது ஒன்றும் செய்யாது. இங்கே நிணநீர் நகராததால் டென்ட்ரைட் செல் போக வழியில்லை, பாக்டீரியாவை அப்புறப்படுத்தவும் வழியில்லை. குளிரும் காய்ச்சலும் நெறியும் காலில் எரிச்சலுமாக ஒரு வாரம் படுக்கை. ஒவ்வொரு முறை இப்படி வரும்போதும் குழாய் இன்னும் கெட்டு, தோல் இன்னும் தடித்து, அடுத்த முறைக்கு இடம் விடுகிறது. பிரேசிலின் ரெசிஃபி நகரில் கெருசா ட்ரேயர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் இதை அழுத்திச் சொன்னவர்கள்: தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவு, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடை, வெடிப்புக்கு மருந்து தடவு, படுக்கும்போது காலை உயர்த்தி வை, கணுக்காலை ஆட்டிப் பயிற்சி செய். இவ்வளவுதான். காய்ச்சல் வருவது குறைகிறது, தொடக்க நிலையிலிருக்கும் கால் வடியவும் செய்கிறது.

மாத்திரைப் பக்கமும் நிறைய நடந்திருக்கிறது. இந்தியாவில் 1955இலேயே தேசியத் திட்டம் தொடங்கிவிட்டது, 2004 முதல் நோய் உள்ள மாவட்டங்களில் எல்லாருக்கும் வருடத்துக்கு ஒருமுறை டிஇசி என்ற புழுக்கொல்லி மாத்திரை கொடுத்தார்கள், பிறகு அல்பெண்டசோல் என்ற இன்னொரு புழு மாத்திரையும் சேர்ந்தது. எங்கள் வீட்டில் அந்த மாத்திரைகள் ஜன்னல் மாடத்தில் கிடந்து தூசி படிந்ததும் உண்மை. நன்றாக இருக்கிற ஆளுக்கு எதற்கு மாத்திரை என்பார்கள், நன்றாக இருக்கிற ஆளின் ரத்தத்திலிருந்துதான் கொசு எடுத்துப் போகிறது என்பதை வந்தவர்கள் விளக்கவில்லை. இலங்கை இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிசெய்தது. கும்பகோணத்திலும் இப்போது இளைஞர்களில் அந்தக் காலைப் பார்ப்பது அரிது.

இதற்குப் பிறகு எதிர்ப்பு சக்திப் பொடி விளம்பரத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவதில் வியப்பில்லை. எதைக் கூட்டுவார்கள்? நியூட்ரோஃபிலையா, டி செல்லையா, ஆன்டிபாடியையா? கூடினால் நல்லது என்று யார் சொன்னது? ஆஸ்துமாவும் முடக்குவாதமும் அது தேவையில்லாத இடத்தில் கூடியதால் வருபவை. கோவிட் நேரத்தில் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்த மருந்து எது தெரியுமா? டெக்சாமெத்தசோன். எதிர்ப்பை அடக்குகிற, மலிவான, பழைய ஸ்டீராய்டு. 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த ஆய்வில் வந்த முடிவு அது. நம் வீடுகளில் அப்போது எதிர்ப்பு சக்தியை ஏற்றக் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. குடித்ததில் தப்பில்லை, தொண்டைக்கு இதமாக இருந்திருக்கும்.

சாப்பாடு, தூக்கம், தடுப்பூசி, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, நடப்பது, இவற்றுக்குப் பயன் உண்டு. முகத்தில் கல் தேய்த்தால் வீக்கம் கொஞ்ச நேரம் வடியலாம், மறுபடி வரும். அறுவைக்குப் பிறகு கை வீங்கியவர்களுக்கு அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் செய்கிற மென்மையான நிணநீர் மசாஜும் அழுத்தக் கட்டும் வேறு, அது உண்மையான சிகிச்சை.

அப்புறம், எப்போது கவலைப்படுவது என்று கட்டாயம் யாராவது கேட்பீர்கள். குழந்தைகளுக்குச் சளி பிடித்தபோதெல்லாம் கழுத்தில் சின்னச் சின்னதாக உருளுவது சாதாரணம், சில மாதம்கூட அப்படியே இருக்கும். வலியோடு வந்து இரண்டு மூன்று வாரத்தில் சுருங்கினால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. வலியே இல்லாமல் கெட்டியாக, நகராமல், வளர்ந்துகொண்டே போனாலோ, கூடவே மாலைக் காய்ச்சல், இரவில் உடை நனைய வியர்வை, எடை குறைவு இருந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. கழுத்தில் கொத்தாகக் கட்டிச் சிலநேரம் உடைந்து வடிகிற கண்டமாலை நம் நாட்டில் இன்றும் பெரும்பாலும் காசநோய்தான், மாத்திரையில் குணமாகிறது. இடது காறை எலும்புக்கு மேல் கட்டினால் உடனே காட்டுங்கள், வயிற்றிலிருந்து ஏறும் அந்தப் பெரிய குழாய் முடிகிற இடம் அது, இரைப்பைப் புற்றுநோய் சிலருக்கு முதலில் தெரிவதே அங்கேதான். மெல்லிய ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும், ஊசி பட்டால் பரவும் என்று பயந்து சுண்ணாம்பும் மஞ்சளும் பற்றுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். தினமும் விரலால் உருட்டி உருட்டிப் பார்ப்பதையும் விடுங்கள், உருட்டுவதாலேயே அது வலிக்கும்.